கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு 33 நிமிடமா?

கண்டிக்கும் நுவரெலியாவுக்கும் இடையே விமானத்தில் எவ்வளவு நேரம் என்று போனில் தட்டிப் பார்த்தால் உடனே பதில் வந்து விழும். தூரம் 40 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு, நேரம் 30 அல்லது 33 நிமிடம். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கண்டியிலும் ஓடுபாதை இல்லை, நுவரெலியாவிலும் இல்லை. இல்லாத விமானத்துக்கு நேரம் சொல்லும் கணக்கு எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்த்துவிட்டு, உண்மையான பயணத்துக்கு எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும் என்பதற்கு வருவோம். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருபவர்கள் இந்த எண்ணை நம்பி ஒரே நாளில் கண்டி, நுவரெலியா, எல்ல என்று மூன்று ஊரை அடுக்கிவிடுகிறார்கள். அதனால்தான் இதை விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் அந்த 40. அதில் பொய் இல்லை. கண்டி வடக்கு 7.29 பாகை, கிழக்கு 80.63. நுவரெலியா வடக்கு 6.97, கிழக்கு 80.78. வடக்குத் தெற்கு வித்தியாசம் 0.32 பாகை. நம் பக்கத்தில் ஒரு பாகை என்பது ஏறக்குறைய 110.6 கிலோமீற்றர், ஆகவே 35 கிலோமீற்றரும் சொச்சமும். கிழக்கு மேற்கு வித்தியாசம் 0.15 பாகை, அது 16.5 கிலோமீற்றர். பள்ளிக்கூடத்தில் படித்த பைதகரஸ் தேற்றத்தைப் போட்டால் 39 வரும். இது காகம் பறக்கும் தூரம்.

நேரக் கணக்குதான் வேடிக்கை. இந்தத் தளங்கள் எல்லா ஊருக்கும் ஒரே சூத்திரத்தையே போடுகின்றன. பெரிய ஜெட் விமானம் மணிக்கு 800 கிலோமீற்றர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வது, ஏறி இறங்க அரை மணித்தியாலம் சேர்ப்பது, அவ்வளவுதான். 40 கிலோமீற்றரை 800 ஆல் வகுத்தால் 3 நிமிடம். அதோடு 30 சேர்த்தால் 33. அதாவது விடையில் பத்தில் ஒன்பது பங்கு, எந்த ஊர் என்று கேட்பதற்கு முன்பே எழுதி வைத்தது. கொழும்பு – சென்னை போன்ற பயணத்துக்கு இது ஓரளவு பொருந்தும். பக்கத்து ஊருக்கு இதைப் போடுவது, முச்சக்கர வண்டிக்கு லொறி டயர் மாட்டுவது மாதிரி.

சரி, ஜெட் வேண்டாம், நீரில் இறங்கும் சிறு விமானம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. கட்டுநாயக்காவிலிருந்து கண்டிக்கு அருகே பொல்கொல்ல நீர்த்தேக்கத்துக்கும், அட்டன் பக்கம் காசல்ரீ நீர்த்தேக்கத்துக்கும் செஸ்னா கரவன் வகை விமானங்கள் பறந்திருக்கின்றன. எட்டுப் பேர் அளவில் ஏறலாம். அதே விமானம் பொல்கொல்லவில் கிளம்பி நுவரெலியா கிரகரி வாவியில் இறங்குவதாகக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மலையகத்தில் தூரம் என்றால் என்ன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் கிடையாது.

பொல்கொல்ல நீர்மட்டம் கடலிலிருந்து 450 மீற்றருக்குச் சற்றுக் கீழே. நுவரெலியா 1,868 மீற்றர். ஆனால் 1,868க்கு ஏறினால் போதாது. கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு வரைபடத்தில் நேர்கோடு இழுத்துப் பாருங்கள். அந்தக் கோடு பீதுருதாலகால மலையின் உச்சியை ஏறக்குறைய உரசிக்கொண்டுதான் ஊருக்குள் இறங்குகிறது. நாட்டின் மிக உயர்ந்த மலை அது, 2,524 மீற்றர். உச்சியில் ஒளிபரப்புக் கோபுரம் வேறு. மலைக்கு மேலே பாதுகாப்பான இடைவெளி விட்டால் 3,000 மீற்றரை எட்டிப் பிடிக்க வேண்டும். சுமையோடு மிதவை கட்டிய கரவன் நிமிடத்துக்கு 700, 800 அடி ஏறும். இங்கே ஏற வேண்டியது 8,500 அடி. ஆக ஏற்றத்துக்கு மட்டுமே 11 நிமிடம். ஏறும்போது அதன் வேகம் மணிக்கு 180 கிலோமீற்றர் அளவு, 11 நிமிடத்தில் 33 கிலோமீற்றர் போய்விடும். மொத்தத் தூரமே 39. சமமாகப் பறக்கும் கட்டம் என்று ஒன்று வரவே வராது. ஏறி முடிக்கும்போது ஊர் காலடியில் நிற்கும்.

இறக்கம் அதைவிடச் சிக்கல். பீதுருதாலகால உச்சிக்கும் ஊருக்கும் இடையே நேர்தூரம் நாலு கிலோமீற்றர்கூட இல்லை. உச்சியை ஒட்டிக்கொண்டு வந்தாலே 650 மீற்றரை அந்த இடைவெளிக்குள் இழக்க வேண்டும், அது பத்துப் பாகைச் சரிவு. விமானங்கள் வழக்கமாக இறங்கும் சரிவு மூன்று பாகை. ஆகவே நேராக இறங்க முடியாது. மலையைச் சுற்றி, நானுஓயாப் பக்கமோ ஹக்கலப் பக்கமோ பள்ளத்தாக்கு வழியே வட்டமடித்துத்தான் வர வேண்டும். 39 கிலோமீற்றர் என்பது அந்த இடத்திலேயே உடைந்துபோகிறது.

இறங்கியாயிற்று என்றே வைத்துக்கொள்வோம், திரும்பக் கிளம்ப வேண்டுமே. 1,868 மீற்றர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட 17 சதவீதம் குறைவு. அது நியமக் கணக்கு. அந்த உயரத்தில் 3 பாகைக் குளிர் இருக்கும் என்று வைத்துப் போட்டது. நுவரெலியாவில் பகலில் 18 பாகை வெயில் அடித்தால் காற்று இன்னும் மெலிந்து, விமானத்துக்கு அது 2,400 மீற்றர் உயரம் போல நடந்துகொள்ளும். இறக்கைக்குப் பிடிமானம் குறைவு, உந்துவிசிறிக்குக் கடிக்கக் காற்று குறைவு, எஞ்சினுக்கும் மூச்சு குறைவு. நீர்விமானத்துக்கு இவற்றோடு நான்காவதாக ஒன்று: மிதவைகளைத் தண்ணீர் பிடித்து இழுக்கும். அந்த இழுவையிலிருந்து பிய்த்துக்கொண்டு மேற்பரப்பில் சறுக்க ஆரம்பிக்கும் வரைக்கும்தான் முழு பலமும் செலவாகிறது. அதனால் உயரத்து வாவியிலிருந்து கிளம்பும்போது ஆளைக் குறைக்க வேண்டும், அல்லது எரிபொருளைக் குறைக்க வேண்டும். கண்ணால் பார்த்துப் பறக்கும் விதியில் ஓடுவதால் பகலில் மட்டும், மேகம் விலகி இருந்தால் மட்டும். பிற்பகல் 2 மணிக்குப் பிறகு றம்பொடைக்கு மேலே நின்று அண்ணாந்து பார்த்தவர்களுக்கு அந்த 'மட்டும்' எவ்வளவு பெரியது என்று விளங்கும்.

ஹெலிகொப்டர் என்றால் 12 நிமிடம் போதும். அதுவும் அதே மேகத்துக்குக் கட்டுப்பட்டதுதான்.

நம் மலைகளில் தூரத்தைத் தப்பாக எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு நோர்வூட், நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கத்து ஆட்களிடம் கேட்க வேண்டும். 1974 டிசம்பர் 4 இரவு, இந்தோனேசியாவிலிருந்து ஹஜ் பயணிகளை ஏற்றிக்கொண்டு கட்டுநாயக்காவில் இறங்க வந்த டீசி-8 விமானம் சப்தகன்னி மலையில் மோதியது. 191 பேரும் மாண்டார்கள். விமானிகள் தாங்கள் விமான நிலையத்துக்கு உண்மையில் இருந்ததைவிட மிக நெருங்கிவிட்டதாக நினைத்து, மலைக்கு மேலேயே இறக்கத்தைத் தொடங்கியிருந்தார்கள். கட்டுநாயக்காவுக்கு இன்னும் 70 கிலோமீற்றருக்கு மேல் இருந்தது.

இனி தரையில். நேர்கோட்டில் 39 என்றால், ஏ5 வீதியில் 77. ரயிலில் கண்டியிலிருந்து நானுஓயாவுக்கு ஏறக்குறைய 100, நானுஓயாவில் இறங்கி ஊருக்குள் போக இன்னும் 8. ஒரே இரண்டு ஊருக்கு மூன்று தூரம். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது புதிது அல்ல. எதிர் மலை லயத்தில் நாய் குரைப்பது இங்கே கேட்கும், கூப்பிடு தூரம்தான், ஆனால் பள்ளத்தில் இறங்கி, ஆற்றைத் தாண்டி, குறுக்கில் ஏறிப் போய்ச்சேர ஒரு மணித்தியாலம் பிடிக்கும். பெரிசுகள் தூரத்தை இன்றும் கட்டையில், அதாவது மைல் கணக்கில் சொல்வார்கள், மூணு கட்டை, நாலு கட்டை என்று. கேட்டால் கையோடு நேரத்தையும் சொல்லிவிடுவார்கள், ஏற்றமா இறக்கமா என்பதையும் சேர்த்து. கூகுள் மேப்புக்கு அந்தப் பழக்கம் முழுதாக வரவில்லை.

ஏ5 வீதியை நான்கு துண்டாகப் பார்க்க வேண்டும். கண்டி – கம்பளை 20 கிலோமீற்றர். இதில் ஏற்றமே இல்லை, ஆனால் கெட்டம்பே, பேராதனைப் பாலம், கெலிஓயா என்று நெரிசல் முழுவதும் இங்கேதான். காலை 7 மணிக்குக் கண்டிக்குள் வரும் பக்கமும், பகல் 1.30க்குப் பாடசாலை விட்டதும் இரண்டு பக்கமும் நகராது. 35 நிமிடத்தில் முடியும் துண்டு, அந்த நேரத்தில் ஒரு மணித்தியாலத்தைத் தின்னும். அடுத்தது கம்பளை – புசல்லாவ, இன்னுமொரு 20. இங்கேதான் உயரம் ஆரம்பிக்கிறது, கம்பளையிலிருந்து 450 மீற்றருக்கு மேல் ஏறுகிறோம். புசல்லாவையிலிருந்து தவலந்தென்ன வழியாக றம்பொடை வரை 12 கிலோமீற்றர் அளவு. பெரிய ஏற்றம் இல்லை, கீழே கொத்மலை நீர்த்தேக்கம் தெரியும், முடக்குகள் மட்டும் விடாது. கடைசித் துண்டு றம்பொடை – லபுக்கலை – நுவரெலியா 25 கிலோமீற்றர். 900 மீற்றர் ஏற்றம் இதற்குள் அடங்குகிறது. மொத்த ஏற்றத்தில் பெரும்பங்கு, மொத்தத் தூரத்தில் மூன்றில் ஒன்று. கண்டியில் புறப்பட்டு றம்பொடை நீர்வீழ்ச்சியைத் தாண்டியவர் முக்கால்வாசி வந்துவிட்டோம் என்று வீட்டுக்குப் போன் பண்ணிச் சொல்வார். நேரத்தில் பார்த்தால் இன்னும் ஒரு மணித்தியாலம் இருக்கிறது.

ஆகவே காரில் இரண்டரை முதல் மூன்று மணித்தியாலம், பஸ்ஸில் மூன்று முதல் மூன்றரை. ஏப்ரல் சீசனில் இந்தக் கணக்கை மறந்துவிடுங்கள். லபுக்கலையிலிருந்தே வரிசை நிற்கும் நாட்கள் உண்டு.

போவதைவிட வருவதுதான் வாகனத்துக்குச் சோதனை. நுவரெலியாவிலிருந்து றம்பொடை வரை விடாத இறக்கம். சமவெளிக்காரர்கள் பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்குவார்கள். நாலைந்து கிலோமீற்றரில் டிஸ்க் சூடேறி, கருகிய வாடை வரும். அதைக் கவனிக்காமல் போனால் பெடல் மெத்தென்று உள்ளே போகும். காரணம் பிரேக் ஒயில். பழைய ஒயில் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். ஈரம் சேர்ந்த ஒயில் குறைந்த சூட்டிலேயே கொதித்து ஆவியாகும். ஒயிலை அழுத்தினால் பலம் சக்கரத்துக்குப் போகும், ஆவியை அழுத்தினால் ஆவிதான் சுருங்கும். எந்தக் கியரில் ஏறுவீர்களோ அந்தக் கியரில் இறங்குங்கள் என்று பழைய லொறி சாரதிகள் சொல்வது இதற்காகத்தான். மெனுவல் என்றால் இரண்டாம், மூன்றாம் கியர். ஓட்டோ கியர் என்றால் எல் அல்லது எஸ். ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்கள் B நிலைக்குப் போட வேண்டும் (P அல்ல). ஹைபிரிட்டில் இன்னொரு விஷயம்: இறக்கத்தில் பற்றரி சார்ஜ் ஏறிக்கொண்டே வந்து ஒரு கட்டத்தில் நிரம்பிவிடும். அதுவரை வண்டியைப் பிடித்துவைத்த மின்பிரேக் அதற்குப் பிறகு கைகொடுக்காது, எஞ்சின் திடீரென்று உறுமத் தொடங்கும். பழுது என்று பயப்பட வேண்டாம், எஞ்சின் பிரேக்காக வேலை செய்கிறது.

வாடை வந்துவிட்டால் வீதியோரம் அகலமான இடத்தில் நிறுத்தி அரை மணித்தியாலம் ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், சூட்டில் இருக்கும் டிஸ்க் கோணிவிடும் அல்லது வெடிக்கும். முடக்கில் ஏறி வரும் வண்டிக்கு வழி விடுங்கள். ஏற்றத்தில் நின்று மறுபடி எடுப்பது சுமை ஏற்றிய லொறிக்கு எவ்வளவு கஷ்டம் என்பது அதை ஓட்டுபவருக்குத்தான் தெரியும். மூட்டத்தில் பெரிய வெளிச்சம் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும், சின்ன வெளிச்சமே போதும். கொத்மலை கெரண்டிஎல்லவில் 2025 மே 11 அதிகாலை பஸ் பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தது இதே வீதியில்தான். இரவுப் பயணத்தை இந்த வீதியில் தவிர்க்க முடிந்தால் தவிர்ப்பதே நல்லது என்பது எங்கள் எண்ணம். தூக்கம் வரும் நேரமும் மூட்டம் இறங்கும் நேரமும் ஒன்றாக வரும்.

வாந்தி எடுப்பவர்களுக்கு: பஸ்ஸில் பின் சக்கரத்துக்கு முன்னால், முன்பக்கக் கண்ணாடி வழியே வீதி தெரியும் இடத்தில் உட்காருங்கள். போனைப் பார்க்காதீர்கள். மாத்திரை போடுவதென்றால் கம்பளையில் தலை சுற்றத் தொடங்கிய பிறகு போட்டுப் பயன் இல்லை, கண்டியில் ஏறுவதற்கு அரை மணித்தியாலம், ஒரு மணித்தியாலம் முன்பே போட வேண்டும். காது அடைத்தால் எச்சில் விழுங்கினால் திறக்கும், கைக்குழந்தைக்குப் பால் கொடுத்தால் போதும். கண்டியில் வாங்கிய சிப்ஸ் பக்கற் லபுக்கலையில் பலூன் மாதிரி உப்பி நிற்பதைப் பிள்ளைகள் கவனித்திருப்பார்கள். வெளியே காற்றழுத்தம் 10 சதவீதத்துக்கு மேல் குறைந்திருக்கிறது, உள்ளே அடைத்த காற்று கண்டிக் காற்று. இதில் ஒரு வேடிக்கை. பெரிய விமானங்கள் உயரே பறக்கும்போது உள்ளே வைத்திருக்கும் அழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்துக்குச் சமம். நுவரெலியா 6,100 அடி. நுவரெலியாக் கடைத்தெருவில் நிற்பவர் விமானத்துக்குள் இருக்கிற காற்றைத்தான் சுவாசிக்கிறார்.

கோச்சியில், அதாவது ரயிலில் போனால் மெதுவாகப் போகும், ஆனால் போவதே ஒரு காரியம். பாதை சீராக இருக்கும் நாளில் கண்டி – நானுஓயா நான்கு மணித்தியாலம், சராசரி வேகம் மணிக்கு 25 கிலோமீற்றர். நாவலப்பிட்டி வரை சாதாரண ஓட்டம். அதன் பிறகு 44 அடிக்கு ஓர் அடி ஏறும் சாய்வு தொடங்கும், 100 மீற்றர் ஆரத்தில் வளைவுகள். ரோட்டில் இந்தச் சாய்வு ஒன்றுமே இல்லை, ஆட்டோ பாட்டுப் பாடிக்கொண்டு ஏறும். தண்டவாளத்தில் இரும்பு மேல் இரும்பு, பிடிமானம் கொஞ்சம்தான். வட்டவளைப் பக்கம் தூறல் விழுந்து தண்டவாளத்தில் ஈரமும் இலைச்சேறும் படிந்தால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். அப்போது சாரதி சக்கரத்துக்கு முன்னால் மணல் தூவுவார், கோச்சி முனகிக்கொண்டு மறுபடி நகரும். 20 நிமிடம், அரை மணித்தியாலம் பிந்துவதற்கு இதுவும் ஒரு காரணம். ஒற்றைப் பாதை என்பதால் எதிர் ரயிலுக்காக நிற்பதும் உண்டு. ஆசனம் வேண்டுமானால் 30 நாட்களுக்கு முன்பே பதிவு திறக்கும், சீசனில் அன்றைக்கே தீர்ந்துவிடும். ஒன்றைக் கவனியுங்கள்: கொழும்பு – பதுளை ரயில்கள் எல்லாம் கண்டிக்குள் வருவதில்லை. சில பேராதனைச் சந்தியோடு திரும்பிவிடும், கண்டியிலிருப்பவர் அங்கே போய்த்தான் ஏற வேண்டும்.

அட்டன் – நுவரெலியாவும் இதே கதை. நேர்கோட்டில் 22 கிலோமீற்றர், வீதியில் அதைப்போல் இரட்டிப்பு. தலவாக்கலை தாண்டி நானுஓயாவுக்குப் போகையில் ரதல்ல குறுக்கு வீதியை மேப் காட்டும். செங்குத்தான வீதி அது. 2023 ஜனவரி 20 இரவு பஸ், வேன், முச்சக்கர வண்டி மோதி 7 பேர் இறந்த இடம். பிரதான வீதியில் போனால் சில நிமிடம்தான் கூடும்.

எதிர்த்திசைக் கணக்கு ஒன்று. இராகலைப் பக்கத் தோட்டத்திலிருந்து கண்டியில் காலை 8 மணி கிளினிக்குக்குப் போகிறவர், நுவரெலியாவில் அதிகாலை 4 மணிக்கு முன்பே பஸ் ஏற வேண்டும்: பஸ்ஸுக்கு மூன்றரை மணித்தியாலம், கண்டி நெரிசலுக்கு அரை மணித்தியாலம். தோட்டத்து மேற்பிரிவிலிருந்து நுவரெலியா வருவதற்கு அந்த நேரத்தில் பஸ் இருக்காது, ஆட்டோவை முதல் நாளே பேசி வைக்க வேண்டும், அந்தக் கூலி பஸ் கட்டணத்தைத் தாண்டிவிடும். முதியவர் என்றால் முதல் நாள் பிற்பகலே கம்பளையிலோ கண்டியிலோ உள்ள சொந்தக்காரர் வீட்டில் தங்குவது செலவிலும் குறைவு, உடம்புக்கும் நல்லது.

மழை எப்போது, எந்தப் பக்கம் என்று தெரிந்து வழியைத் தேர்ந்தெடுங்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கு மழை: கினிகத்தேனை, வட்டவளை, அட்டன் நனையும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகிழக்கு: வலப்பனை, இராகலை, பதுளை. இடையில் ஒக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடியோடு எல்லாப் பக்கமும். ஏ5 அடைத்துவிட்டால் ஹங்குரன்கெத்த, ரிகில்லகஸ்கட, படியபெலெல்ல வழி ஒன்று. நாவலப்பிட்டி, அட்டன், தலவாக்கலை வழி இன்னொன்று. எதில் போனாலும் கூடுதலாக ஒரு மணித்தியாலம், இரண்டு மணித்தியாலம் வையுங்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது மலையகத்து வீதிகளும் ரயில் பாதையும் ஒரே நேரத்தில் பல இடங்களில் அறுந்தன. மாற்று வழி என்ற ஒன்றே இல்லாத நாட்கள் அவை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலையில் விடுகிறது. போகும் வழியிலுள்ள பிரதேச செயலகப் பிரிவுகளின் பெயர் அதில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். விசாரிக்க 117, அனர்த்த முகாமைத்துவ நிலையம்.

கடைசியாக நானுஓயா. ஒரு காலத்தில் அங்கிருந்து நுவரெலியா வழியாக இராகலைக்கு இரண்டரை அடி அகலச் சின்னக் கோச்சி ஓடியது, 1940 இல் அதை மூடிவிட்டார்கள். அன்றிலிருந்து நுவரெலியாவுக்கு ரயில் நிலையம் கிடையாது, டிக்கெட்டில் இருப்பது நானுஓயாதான். பகலில் நிலைய வாசலுக்கு மேலே வீதியில் பஸ் வரும். பொழுது சாய்ந்து கோச்சி பிந்தி வந்தால் முச்சக்கர வண்டிதான். சாமானை ஏற்றுவதற்கு முன்பே கட்டணத்தைப் பேசிக்கொள்ளுங்கள், ஸ்வெட்டரைப் பைக்கு மேலாக வையுங்கள்.